கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கும் நர்ஸ்

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருக்க வேண்டும். மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். அரசுப் பணியில் இருந்த முப்பது சொச்சம் வருடங்களில் அந்தக் கணக்கை நான் காகிதத்தில்தான் பார்த்தேன். நாற்பது கட்டில் உள்ள வார்டை இரண்டு சிஸ்டர்கள் பார்த்துக்கொண்ட இரவுகள் உண்டு. தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களைச் சேர்த்தால் இன்னும் ஏறும். அப்படியும் பெரும்பாலானவர்கள் உடம்பு துடைத்து, வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, தேறி வீட்டுக்குப் போனார்கள். அதற்குக் காரணம் நாங்கள் மட்டும் இல்லை. கட்டிலுக்குக் கீழே பழைய சேலையை விரித்துப் படுத்திருந்த மனைவி, அம்மா, மகள், மருமகள், சில நேரம் அண்ணன் தம்பி. ஆஸ்பத்திரி பாஷையில் அட்டெண்டர்.

ஒரு நர்ஸ் செய்ய வேண்டிய வேலையில் பாதியை நம் ஊரில் அட்டெண்டர்தான் செய்கிறார். புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊற்றுவது, யூரின் பையைக் காலி செய்வது, ராத்திரி மூச்சு ஒரு மாதிரி இழுக்கிறதே என்று முதலில் கவனிப்பது எல்லாம் அவர். ஆனால் இவற்றை எப்படிச் செய்வது என்று அவரை உட்கார வைத்துச் சொன்னவர் யாரும் இருக்க மாட்டார்கள். அவர் காதில் விழுவதெல்லாம் “இதை வாங்கிட்டு வாங்க”, “இங்க கையெழுத்துப் போடுங்க”, “ரவுண்ட்ஸ் வர்றாங்க, வெளிய போங்க” இவ்வளவுதான். ஓய்வு பெற்றபின் வாரத்துக்கு இரண்டு மதியம் தன்னார்வலராக ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தேன். பழம் கொடுப்பது, ஓ.பி. சீட்டு எடுத்துத் தருவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது என்று அங்கே வேலைக்குக் குறைவில்லை. நான் எடுத்துக்கொண்டது அட்டெண்டருக்கு நர்சிங் சொல்லிக் கொடுப்பதை. மற்றதெல்லாம் கூடவே வந்து ஒட்டிக்கொண்டவை.

நான் பயிற்சிக்குச் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். “நர்ஸுக்குப் படிக்கிறா” என்றால் பெண் கேட்டு வருபவர்கள் யோசிப்பார்கள். அடுத்தவர் மலம் மூத்திரம் அள்ளுகிற வேலை, ராத்திரி வீட்டில் இல்லாத வேலை. எங்கள் விடுதியில் பாதிப் பேர் கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளைகள். நெய்யூரில் 1838இலேயே மிஷன் மருத்துவம் தொடங்கிவிட்டதால் அந்தப் பக்கம் இந்தக் கூச்சம் சீக்கிரம் விட்டுப் போயிருந்தது. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கியபோது பெண்களைச் சேர்ப்பதற்கே படாத பாடு பட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அப்போது கண்ணாடி சிரிஞ்சுதான். கொதிக்க வைத்து, திரும்பக் கொதிக்க வைத்து, முனை மழுங்கினால் கல்லில் தீட்டி ஊசி போடுவோம். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தது. அந்தப் பயம் ஒவ்வொரு வார்டாகப் பரவி, ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் ஊசி எங்கும் வழக்கமாகப் பல வருடம் ஆயிற்று. கருவிகள் அப்புறம் எத்தனையோ மாறிவிட்டன. படுத்த படுக்கையாகிவிட்ட உடம்புக்குச் செய்ய வேண்டியது மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

அதில் நான் முதலில் சொல்லிக் கொடுப்பது படுக்கைப் புண். தடுப்பதற்கு இரண்டு கையும் ஒரு தலையணையும் போதும். வந்துவிட்டால் ஆற மாதக்கணக்கு ஆகும். தோலுக்கு அடியில் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் உடம்பின் பாரம் ஓயாமல் அழுத்த, அங்கே ரத்த ஓட்டம் நின்று தோலும் சதையும் செத்துப்போகின்றன. பின்னிடுப்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, பின்தலை. ஒருக்களித்தே கிடப்பவருக்குக் காது மடலில் கூட வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். மாற்றும்போதெல்லாம் இந்த இடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து, பிறகு சிவந்தால் இன்னும் தோல் பிழைத்திருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது, உடனே சிஸ்டரிடம் காட்ட வேண்டும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சுடும், அல்லது கெட்டியாக இருக்கும்.

இங்கேதான் நல்ல எண்ணத்தோடு செய்யும் கெடுதல்கள் நிறைய. சிவந்த இடத்தை எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். உள்ளே நைந்துபோன சதை இன்னும் நையும். பவுடரைக் கொட்டுவார்கள், வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி அதுவே உறுத்தும். இழுத்து மேலே ஏற்றுவார்கள். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உடம்பு மட்டும் நகர்ந்து உரிந்துவிடும். இடுப்புக்குக் கீழே ஒரு பெட்ஷீட்டை நான்காக மடித்துப் போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். இன்னொன்று ஏர் பெட், காற்றடைத்த மெத்தை. கடன் வாங்கி ஏர் பெட் போட்டுவிட்டு, இனிமேல் புரட்ட வேண்டாம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும்.

ஒருவரைச் சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். மனைவிக்கு மூளையில் ரத்தக் கசிவு, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. மகள்களைக் கட்டிக் கொடுத்தது தூரத்து ஊர். பெண்கள் வார்டில் ஆண்கள் ராத்திரி தங்க முடியாது என்பதால் பகலில் இவர், இரவில் கொழுந்தியாள். நான் போனபோது அவர் கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். தொடவே பயம். “பொம்பளைக்குப் பாக்குற வேலை, எனக்கு என்னம்மா தெரியும்” என்றார். “மூட்டை தூக்கத் தெரியுமில்ல, வாங்க” என்று பக்கத்தில் இழுத்தேன்.

மடித்த பெட்ஷீட்டைக் காட்டியதும் அவர் செய்த முதல் வேலை, காலை அகட்டி வைத்து முழங்காலை மடக்கியது. முதுகு வளையவில்லை. “முதுகுல தூக்குனா முதுகு போயிரும் சிஸ்டர், கால்ல தூக்கணும்” என்றார். நர்சிங் மாணவிகளுக்கு ஒரு முழு வகுப்பு எடுத்தும் பதியாத பாடம் இது. பல நர்ஸ்கள் நாற்பது வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அன்று வார்டில் இருந்த இரண்டு மாணவிகளைக் கூப்பிட்டு, அவர் தூக்குவதைப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்.

கடிகாரம் அவருக்குப் பழக்கம் இல்லை. ஆகவே வார்டின் நடமாட்டத்தையே கடிகாரமாக்கினோம். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்தால் இடது பக்கம். சாப்பாட்டு வண்டி வந்தால் மல்லாக்க. சிஸ்டர்கள் டியூட்டி மாறினால் வலது. டீக்காரர் வந்தால் மறுபடி இடது. ராத்திரிக்குக் கொழுந்தியாளின் பட்டன் போனில் அலாரம். ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த போர்வை. அந்த அம்மா டிஸ்சார்ஜ் ஆனபோது பேச்சு வரவில்லை, கை பாதிதான் அசைந்தது. முதுகில் ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரிகளில் நான் பார்த்த நல்ல நர்சிங்கை வரிசைப்படுத்தச் சொன்னால் அந்த மனிதர் முதல் ஐந்துக்குள் வருவார்.

அடுத்தது மூக்கு டியூப். விழுங்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குப் போடுவது. கஞ்சியை எவ்வளவு நீர்க்கக் கரைப்பது என்பதைவிட முக்கியம், தலைமாட்டை உயர்த்துவது. படுக்க வைத்து ஊற்றினால் மேலே எதுக்கி நுரையீரலுக்குள் போய்விடும். பாதி உட்கார்ந்த நிலையில் ஊற்றி, ஊற்றி முடித்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்க விட வேண்டும். கஞ்சியை வடிகட்டியே ஊற்ற வேண்டும். சிரிஞ்சின் தண்டைப் போட்டு அழுத்தித் தள்ளாமல், தண்டை எடுத்துவிட்டுப் பிடித்தால் தானாக இறங்கும். முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் தண்ணீர். இருமினாலோ மூச்சு வாங்கினாலோ அப்படியே நிறுத்திவிட வேண்டும். மூக்கின் ஓரத்தில் டியூப் எந்த இடத்தில் இருக்கிறது என்று பிளாஸ்திரி ஒட்டியோ பேனாவால் கோடு போட்டோ வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு வெளியே வந்துவிட்டால் டியூப் நழுவியிருக்கிறது. அட்டெண்டர் அதை உள்ளே தள்ளவும் கூடாது, அதன் வழியாக எதையும் ஊற்றவும் கூடாது. மாத்திரையைப் பொடி செய்து டியூபில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். நிதானமாகக் கரைந்து வேலை செய்யும்படி தயாரித்த மாத்திரைகளைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே அடியாக உடம்பில் ஏறும்.

டியூப் போட்டவருக்கு வாய் என்ற ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சாப்பிடுவதில்லையே, எதற்குப் பல் துலக்க வேண்டும் என்ற எண்ணம். உண்மையில் சாப்பிடாத வாய்தான் சீக்கிரம் காய்ந்து, வெண்படலம் பிடித்து, நாறிப்போகும். அங்கே வளரும் கிருமி எச்சிலோடு மூச்சுக் குழலில் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரும். மெத்தென்ற பிரஷ்ஷோ, ஈரம் பிழிந்த சுத்தமான துணியைச் சுற்றிய விரலோ போதும். காலையும் மாலையும், பக்கவாட்டில் ஒருக்களித்து வைத்து. கடித்துவிடுவார் என்ற பயம் இருந்தால் பிரஷ் நல்லது.

வாதம் அடித்துப் படுத்தவர்கள் விஷயத்தில் என்னோடு அதிகம் சண்டை போட்டவர்கள் பெரிய மனுஷிகள். “ஒரு வாய் தண்ணி குடுக்க விட மாட்டேங்கறாளே, பாவி” என்று என் காதுபடவே திட்டியிருக்கிறார்கள். தாகத்தோடு ஒருவரைப் படுக்க வைப்பது நம் ஊரில் பாவக் கணக்கில் சேரும். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டைத் தசையும் விழுந்திருக்கலாம். விழுங்க முடிகிறதா என்று டாக்டரோ தெரபிஸ்டோ சோதித்துச் சொல்லும்வரை, வாயில் ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதிலும் கெட்டியானதைவிடத் தண்ணீர், பால், ஜூஸ் மாதிரி நீர்த்தவை ஆபத்து. மெல்லிசாக வேகமாக ஓடுவதால் மூச்சுக் குழலில் நழுவி இறங்கிவிடும். அவர்களோடு வாதம் செய்து பயனில்லை. அதற்குப் பதில் ஒரு வேலை கொடுப்பேன்: ஈரத் துணியால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி நனைப்பது. பாட்டியின் கைக்கு வேலை கிடைத்துவிட்டால் சண்டை அடங்கும்.

யூரின் பையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது, டியூப் மடங்கக் கூடாது. ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் வயிற்றின் மேல் பையைத் தூக்கி வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்தால் நான் நடைபாதையிலேயே நிறுத்திவிடுவேன். பையில் தேங்கியது திரும்ப உள்ளே போகும் வழி அதுதான்.

பழம் கொடுப்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாள், திதி, தலைவர் பிறந்தநாள் என்று வார்டு வார்டாக வாழைப்பழமும் பிரெட்டும் கொடுக்க வருவார்கள். நல்ல காரியம்தான், போட்டோ எடுக்காமல் செய்தால் இன்னும் நல்லது. ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வாழைப்பழமும் இளநீரும் விஷம் மாதிரி. சிறுநீரகம் வேலை செய்யாதபோது அவற்றில் இருக்கும் பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு காத்திருப்பவரின் கையில் பிரெட்டைக் கொடுத்தால் அவர் ஆபரேஷன் தள்ளிப்போகும். எதைக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் நர்ஸ் மேஜைக்குப் போய், யார் யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று கேளுங்கள். அல்லது அட்டெண்டருக்குக் கொடுங்கள். பல நாள் டீயையும் பன்னையும் வைத்தே ஓட்டுபவர் அவர்தான். அவருக்கு என்று யாரும் எதுவும் கொண்டுவருவதில்லை.

நர்ஸ் மேஜைக்குப் போகும்போது அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் எரிந்து விழலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வெழுதி ஒப்பந்த முறையில் வந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடியபோதுதான் வெளியே இருப்பவர்களுக்கு அந்தத் தொகை தெரிந்தது. செவிலியர் தினமான மே 12ஆம் தேதி மெழுகுவத்தி ஏற்றி ‘வெள்ளுடை தேவதை’ என்று பாராட்டுவதைவிட, சம்பளத்தையும் ஆள் எண்ணிக்கையையும் சரி செய்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். தேவதைக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்கிற இடத்துக்கு அந்தப் பேச்சு கொண்டுபோய் விடுகிறது.

தன்னார்வ வேலை என்னை ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் இழுத்துக்கொண்டு போனது. இனிமேல் சிகிச்சை இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்று அனுப்பப்பட்ட புற்றுநோயாளிகளின் வீடுகள். இந்த விஷயத்தில் நாம் கேரளாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய வலி நிவாரண, நோய்த்தணிப்பு (குணமாக்க முடியாதபோது வேதனையைக் குறைக்கும் பராமரிப்பு) சங்கம், ஆசிரியர், கடைக்காரர், குடும்பத் தலைவி என்று சாதாரண ஜனங்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களை வீடு வீடாக அனுப்பிக் காட்டியது. டாக்டர் இல்லாத இடத்திலும் துணைக்கு ஆள் இருந்தது. இங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டிலேயே நோய்த்தணிப்புச் சேவையும், பிசியோதெரபியும் சேர்த்திருக்கிறார்கள். பலருக்கு மாத்திரை வருவது தெரியும், மற்ற இரண்டும் தெரியாது. படுத்த படுக்கையாக ஒருவர் வீட்டில் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

அந்த வீடுகளில் நான் பேச வேண்டியிருப்பது பெரும்பாலும் கடும் வலியைக் குறைக்கும் மார்ஃபின் மாத்திரையைப் பற்றி. 1985இன் போதைப்பொருள் சட்டம் வந்தபின் உரிமம் வாங்கும் தொல்லைக்குப் பயந்தே நிறைய ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை இலகுவாக்கினார்கள். சட்டம் மாறியது, வீட்டில் இருப்பவர்களின் பயம் மாறவில்லை. “போதைக்கு அடிமையாயிருவாரே” என்று ஒரு மகன், அப்பா வலியில் முனகிக்கொண்டிருக்கும்போது, மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். படித்தவர், அன்பானவர். புற்றுநோய் வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அப்படி அடிமையாவது மிக அரிது என்று சொன்னேன். வலி வந்தபின் கொடுப்பதில்லை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது. சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. கூடவே மலம் இளகுவதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் ஏறக்குறைய நிச்சயம். அந்த வேதனையில்தான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வழக்கத்துக்கு மாறான தூக்கமோ, மூச்சு மெதுவாகிவிட்டதோ தெரிந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கூப்பிட வேண்டும். பூட்டி வைப்பது நல்லதுதான், பிள்ளைகள் எடுக்காமல் இருக்க. சாவி யாரிடம் என்பது ராத்திரி துணைக்கு இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி நாட்களில் தொண்டையில் கரகர என்று ஒரு சத்தம் வரும். கேட்பவர்களுக்குத்தான் அது தாங்க முடியாது. பெரும்பாலும் நோயாளிக்கு அப்போது நினைவு குறைந்திருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் சத்தம் குறையும். சாப்பாடு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் திணிக்க வேண்டாம். சாப்பிடாததால் அவர் போய்க்கொண்டிருக்கவில்லை, போய்க்கொண்டிருப்பதால் உடம்பு சாப்பாட்டைக் கேட்கவில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பின்னால் “இன்னும் ரெண்டு வாய் ஊட்டியிருக்கலாமோ” என்ற உறுத்தல் அந்த மருமகளை வருடக்கணக்கில் அரிக்காது. பிணவறை வேலை, காகித வேலை வரும்போது அவர்களோடு நின்று, அரசு ஆஸ்பத்திரியிலிருந்து உடலை ஊருக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி உண்டு என்பதையும் சொல்வேன். துக்கத்தில் இருப்பவர்களிடம் வேன்காரர்கள் பேசும் பேரம் கொடுமை.

இப்படி நோயாளியைச் சுற்றியே பேசிக்கொண்டிருந்தாலும், நான் அட்டெண்டரிடம் முதலில் கேட்கும் கேள்வி வேறு. “நீங்க உங்க மாத்திரையைப் போட்டீங்களா?” கணவரின் மாத்திரையை நிமிடம் தவறாமல் கொடுக்கும் பெண், தன் சர்க்கரை மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார். பிரஷர் மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அட்டெண்டராக வந்தவரே அதே வார்டில் நோயாளியாகப் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் துணைக்கு இருக்கிறீர்கள் என்றால் உங்கள் மாத்திரை உங்கள் பையில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஓ.பி.யிலேயே உங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டுக் காட்டிக்கொள்ளலாம். மூன்று நாளைக்கு ஒருமுறையாவது வேறொருவர் வந்து ஓர் இரவு மாற்ற வேண்டும். வந்து பார்த்து ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டிவிட்டு, தலைமாட்டில் நின்று அறிவுரை சொல்லிவிட்டுப் போகும் சொந்தக்காரர்களிடம் நான் கூச்சப்படாமல் கேட்டுவிடுவேன், “இன்னிக்கு ராத்திரி நீங்க இருக்கீங்களா?” என்று. பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். மீதிப் பாதி இருப்பார்கள். கேட்க ஆள் இல்லாததால்தான் அதுவரை இருக்கவில்லை.

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கச் சொல்வதும் என் வழக்கம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையிலிருந்தும் பெயர் தெரியும்படி வெட்டிய துண்டு, ஆதார், ரேஷன் கார்டு நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை அந்த அட்டையில் வசதி இருந்தும், அட்டை ஊரில் பெட்டிக்குள் இருந்ததால் அலைந்தவர்கள் அநேகம்.

தன்னார்வலராக வர நினைப்பவர்களுக்கு. நேராக வார்டுக்குள் நுழையாதீர்கள். நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்து, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மாதத்துக்கு ஒருமுறை நாள் முழுக்க வருவதைவிட, வாரம் ஒரு நாள் அதே நேரத்தில் இரண்டு மணி நேரம் வருவது எவ்வளவோ மேல். உங்களை நம்பி ஒரு வேலையை ஒதுக்கி வைப்பார்கள். காலை வேண்டாம், ரவுண்ட்ஸும் டிரஸ்ஸிங்கும் நடக்கும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வாருங்கள், அட்டெண்டர்கள் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார்கள், பேசுவார்கள். வருவதற்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். சளி, காய்ச்சல் இருந்தால் அன்று வர வேண்டாம். நகம் வெட்டி, மோதிரமும் வளையலும் கழற்றிவிட்டு, ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போது சோப்புப் போட்டு நாற்பது விநாடியாவது கை கழுவுங்கள்.

உள்ளே வந்தபின் தொடக் கூடாதவை சில. என்னை வார்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், “சிஸ்டர், இந்த டிரிப்ஸை மட்டும் நிறுத்திவிடுங்களேன்” என்பார்கள். தொட மாட்டேன். கேஸ் ஷீட்டில் இப்போது என் கையெழுத்து இல்லை. போய் டியூட்டி நர்ஸைக் கூட்டிக்கொண்டு வருவேன், அவ்வளவுதான். டாக்டர் கொடுத்த மருந்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை. “சரியாயிடும்” என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. எந்தக் கட்டிலில் யார், என்ன நோய் என்பது ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி என் வாயிலிருந்து வராது, என் வீட்டுக்காரரிடம்கூட. பணம் கொடுப்பதில்லை, தேவை உள்ளவர்களை அங்கிருக்கும் மருத்துவ சமூகப் பணியாளரிடம் அனுப்பிவிடுவேன்.

மூட்டு வலி வந்துவிட்டதால் மாடி வார்டுகளை நான் விட்டாயிற்று. கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது அங்கே போகிறார்கள், ஒருத்தி பி.காம். படிக்கிறவள். இருவரும் முதல் மாதம் என்னோடு நின்று, வேறு எதுவும் செய்யாமல், பெட்ஷீட் மடித்துத் தூக்கிப் பழகினார்கள்.